வெள்ளத்தை இறைத்து வெள்ளம் விட்ட படலம்

மனித குலத்தின் மனசாட்சியை ஒரே ஒரு தடவை உலுக்குவதற்கு நாற்பத்திரண்டு கோடி ஆகும். வரி தனி.

விலைமதிப்பற்றது என்று பாமரர்கள் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்த ஒரு சரக்குக்கு இப்படிக் கறாராக விலை நிர்ணயித்த பெருமை 'கழுத்தளவு' என்ற திரைக்காவியத்தின் டைரக்டரையே சேரும். கதை எளிமையானது. ஒரு நகரம் வெள்ளத்தில் மூழ்கும். பார்க்கிறவர்கள் பதறுவார்கள். பதறியவர்கள் வீட்டுக்குப் போனதும் ஏரியில் வீடு கட்ட மாட்டார்கள், வாய்க்காலில் குப்பை போட மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தால் சிரிப்பார்கள். இவ்வளவும் நூற்றைம்பது நிமிடத்தில், இடைவேளை உட்பட.

இந்தப் புனிதப் பணியில் தண்ணீரை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் அஞ்சுகுதிரையின் பொறுப்பு.

அஞ்சுகுதிரை என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. அவர் வாடகைக்கு விடும் பம்புகள் ஒவ்வொன்றும் ஐந்து குதிரைசக்தி. மனிதர்களையும் அதே தராசில்தான் நிறுப்பார். நண்பர் ஒருவர் மகனுக்கு வேலை கேட்டு வந்தபோது, "பையன் ரெண்டு குதிரைதான் இழுப்பான். ஆபீஸ் வேலைக்கு அனுப்பு, அங்க ஒண்ணே போதும்" என்று கூசாமல் சொன்னவர். பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர்ப்பலகையிலும் ஏறிவிட்டது.

மழைக்காலம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது படக் கம்பெனியின் மேனேஜர் கடைக்கு வந்தார். இரண்டு மணி நேரம் பேரம் நடந்தது. நடுவில் இருவரும் மும்முறை கோபித்துக்கொண்டு எழுந்தார்கள். மும்முறையும் எதிராளி கையைப் பிடித்து உட்கார வைத்தார். கடைசியில் இருபத்துநாலு பம்பும் மொத்தமாகப் படத்துக்குப் போயின. ஒரு நிபந்தனை: படப்பிடிப்பு முடியும்வரை ஒரு பம்பும் செட்டைத் தாண்டக் கூடாது. ஒன்று தாண்டினாலும் இருபத்துநாலுக்கும் வாடகை பாதி.

அஞ்சுகுதிரை மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார். தொழிலில் அவர் கண்ட உண்மை ஒன்றுண்டு. அழுகிறவனிடம் வாடகை வசூலிப்பது கஷ்டம். அழுவதாக நடிக்கிறவனிடம் முன்பணமே கிடைக்கும்.

மூடிக்கிடந்த ஆலை ஒன்றின் மேட்டு வளாகத்தில் ஒரு முழுத் தெருவை எழுப்பியிருந்தார்கள். ஒட்டுப்பலகையில் வங்கி, தெர்மகோலில் மருத்துவமனை, நிஜ பஸ்ஸே வராத ஒரு பஸ் நிறுத்தம். எல்லாம் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தெருவின் இரு பக்கமும் ஓடிய வடிகால் உண்மையானது. தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டுமே என்று பொறுப்பாகச் சரிவு பார்த்துக் கட்டியிருந்தார்கள். நகரத்திலேயே ஒழுங்காகக் கட்டப்பட்ட வடிகால் அதுதான் என்று பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளமும் தரமானது. ஊரே 'அண்ணன்' என்று அழைக்கும் கதாநாயகன் தன் ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் சேர்த்திருந்தார். தண்ணீர் குடிக்கத் தக்கதாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஏறக் கூடாது.

"படத்து பேரு கழுத்தளவு சார்" என்று அஞ்சுகுதிரை மரியாதையோடு நினைவூட்டினார்.

"ஊர் கழுத்தளவுல நிக்கும். அண்ணன் மேஜை மேல நிப்பாரு" என்றார் டைரக்டர். "தலைவன்னா எப்பவும் நாலு பேரை விட ஒசரத்துல நிக்கறவன். இதான்யா படத்தோட தத்துவம்."

ஆக, லாரி லாரியாகக் குடிதண்ணீர் வந்தது. இருபது நாள் அந்தத் தெருவில் தெளிந்த இளநீல வெள்ளம் வெதுவெதுவென்று கரை புரண்டது. அந்த இருபது நாளும் சுற்றுவட்டாரக் குழாய்களில் காற்று மட்டும் வந்தது. கலைக்காக மக்கள் செய்த தியாகம். அவர்களுக்கு அதைத் தெரிவிக்கத்தான் ஆளில்லை.

வளாகத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சரிவில் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசி வீட்டுத் தரைத்தளத்தில், முன்னறையில், அஞ்சுகுதிரையின் அக்கா தையல் நடத்தினார். மோட்டார் வைத்த மெஷின் நாலு, கடனில் வாங்கியவை. கூலிக்குத் தைக்கும் பெண்கள் இருவர். அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னூற்றிருபது சீருடை தைத்து, மடித்து, கட்டுக் கட்டாகத் தரையில் அடுக்கியிருந்தது. திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அடுத்த வருட ஆர்டரும் உண்டு. கொடுக்காவிட்டால் மெஷின்கள் வந்த வழியே திரும்பிப் போகும்.

அஞ்சுகுதிரையின் முதல் பம்ப், அக்கா தைத்த தலையணை உறைகளின் கூலியில் வந்தது. எத்தனை உறை என்று அக்கா சொன்னதில்லை. தம்பியும் கேட்டதில்லை. கேட்டால் கணக்கு வந்துவிடும். பதிலுக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் அக்கா வாசலில் ஒரு பம்ப் காவல் நிற்கும். வாடகை கிடையாது. இந்த வருடம் அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கக்கா" என்றார் போனில்.

"சரிடா. மழைகிட்டயும் அப்படியே சொல்லிடறேன்" என்றார் அக்கா.

மழை பொறுக்கவில்லை. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. வளாகத்து வாசலில் மேனேஜர் ஒரு அறிவிப்பை ஒட்டினார்: 'பலத்த மழை மற்றும் வெள்ளம் காரணமாக வெள்ளக் காட்சிகளின் படப்பிடிப்பு ஒத்திவைக்கப்படுகிறது.' அதைப் படித்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாடு அப்படிப்பட்டது.

மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. அக்கா போன் செய்தார்.

"டேய், மழை நின்னுடுச்சு. சந்துல ஒன்பது அங்குலம் நிக்குது. டேப் வெச்சு அளந்துட்டேன். நம்ம வாசப்படி பத்து. ஒரு அங்குலத்துல தப்பிச்சோம்."

"அப்புறம் என்னக்கா, தானா வடிஞ்சுடும்."

"வடியும். எதுக்கும் ஒரு பம்ப் அனுப்புடா. துணிக்கட்டெல்லாம் தரையில கெடக்கு. மனசு கேக்கல."

"பாக்கறேன்" என்றார் அஞ்சுகுதிரை. வியாபாரிகள் அகராதியில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வியாபாரியின் அக்காவுக்கும் தெரியும்.

செட்டில் நான்கு அடி ஆழத்துக்கு நிஜ வெள்ளம் நின்றது. வடிகாலின் கதவை மூடி வைத்திருந்ததால் பெய்ததெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது. ஒட்டுப்பலகை வங்கி சாய்ந்திருந்தது. மருத்துவமனையின் பாதி மிதந்தது. அஞ்சுகுதிரைக்கு உள்ளபடியே சந்தோஷம். ஓடிப்போய் டைரக்டரிடம் சொன்னார்.

"சார், அதிர்ஷ்டம்னா இதுதான்! காசில்லாம ஒரிஜினல் வெள்ளம். கேமராவை வெச்சா போதும்."

டைரக்டர் கிரேன் மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தார். இறங்கி வந்தவரின் முகம் கெட்டுப்போன பாலைப் பார்த்ததுபோல் இருந்தது.

"என்னய்யா கலர் இது?"

"வெள்ளத்தோட கலர் சார். வெள்ளம்னா இப்படித்தான் இருக்கும்."

அதற்குள் 'கன்டின்யுட்டி' பார்க்கும் அம்மணி கோப்போடு வந்துவிட்டார். நேற்று எடுத்த காட்சியும் இன்று எடுக்கும் காட்சியும் ஒட்ட வேண்டும் என்று காவல் காப்பது அவர் வேலை. கதாநாயகியின் பொட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"சீன் நாப்பத்தொண்ணுல தண்ணி இளநீலம் சார். இது பழுப்பு. ரெண்டும் ஒரே நாள், ஒரே தெரு. ஒட்டவே ஒட்டாது."

"மழை பெஞ்சா தண்ணி பழுப்பாத்தானேம்மா வரும்?" என்றார் அஞ்சுகுதிரை.

"வரலாம். ஆனா நம்ம படத்துல வரல. அதுவும் போக இதுல ஒரு செருப்பு மிதக்குது. நாப்பத்தொண்ணுல செருப்பு இல்ல."

"செருப்பை நான் எடுத்துடறேன்."

"செருப்பை எடுப்பீங்க. அந்த நாத்தத்தை?"

"நாத்தம் படத்துல வராதேம்மா!"

"அண்ணன் மூஞ்சில வரும்."

டைரக்டர் கையை உயர்த்தினார். சபை அடங்கியது. "யதார்த்தமா இல்ல" என்று தீர்ப்பளித்தார். "இதைக் காட்டினா ஜனங்க வெள்ளம்னு நம்பவே மாட்டாங்க. மொதல்ல இந்த வெள்ளத்தை வெளிய அனுப்புங்க. அப்புறம் நம்ம வெள்ளத்தை உள்ள விடுங்க."

வெள்ளத்தை இறைத்து வெள்ளம் விடுவது! ஆறுகளும் கடல்களும் இத்தனை யுகங்களாக யோசிக்காத ஒன்றை, காலை காப்பிக்கு முன்பே ஒருவர் யோசித்துவிட்டார்.

மேனேஜர் அஞ்சுகுதிரையைத் தனியே அழைத்தார். "எங்க தள்ளுவீங்க?"

"வடிகால் போற வழிதான். பின்சுவருக்கு அந்தப் பக்கம்."

"அங்க என்ன இருக்கு?"

"ஒரு முட்டுச்சந்து."

"ஆள் இருக்காங்களா?"

அஞ்சுகுதிரை பின்சுவரைப் பார்த்தார். இத்தனை நாளும் சாயங்காலம் சாயங்காலம் ஒரு விரற்கடை தெளிந்த தண்ணீரைத்தான் அந்தப் பக்கம் விட்டிருந்தார். சந்துக்காரர்கள் அதைக் குடத்தில் பிடித்துக்கொண்டு வாழ்த்தினார்கள். இன்று அப்படியல்ல. "எங்க அக்கா இருக்கு" என்றார்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. வெளியாளுன்னா புகார் குடுப்பாங்க. சொந்தக்காரங்க குடுக்க மாட்டாங்க."

இந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க அஞ்சுகுதிரை உண்மையாகவே முயன்றார். கிடைக்கவில்லை. ஆகவே வேறு வழியின்றி, "நம்ம வெள்ளத்துக்குத்தான் அன்னைக்கு ரேட் பேசினோம். மழை வெள்ளத்தை வெளிய அனுப்பறது தனி வேலை. ரெண்டு மடங்கு ஆகும்" என்றார்.

"ஒண்ணேகால்."

"சொந்த அக்கா சார்."

"சரி, அக்காவுக்காக ஒண்ணரை."

"ஒண்ணே முக்கால். அக்காவை அதுக்குக் கீழ எறக்க முடியாது."

கை குலுக்கினார்கள். இருபத்துநாலு பம்பும் ஒரே மூச்சில் உறுமின. நூற்றிருபது குதிரைகள்! எந்த மன்னனும் ஒரு தையற்கடை மீது இத்தனை பெரிய படையை ஏவியதாகச் சரித்திரம் இல்லை.

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"டேய்! மழையே இல்ல, தண்ணி ஏறுதுடா! பன்னண்டு அங்குலம். படி தாண்டிடுச்சு."

"மேலருந்து வடிஞ்சு வருதோ என்னமோக்கா."

"சுவருக்கு மேல குழாய் வெச்சு கொட்டறமாதிரி சத்தம் கேக்குது."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி நனைக்குமாடா?"

அஞ்சுகுதிரை போனை வைத்துவிட்டு மேனேஜரிடம் போனார். ஒரு பம்ப், ஒரே ஒரு பம்ப், இரண்டு மணி நேரம் மட்டும் அக்கா வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். மேனேஜர் கோபப்படவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பதினாலாம் பிரிவை விரலால் தடவிக் காட்டினார்.

"அனுப்புங்க, யார் வேணாம்னா? இருபத்துநாலுக்கும் வாடகை பாதியாயிடும், அவ்வளவுதான். இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. அக்கா வீட்டுல இறைக்கற தண்ணியை எங்க விடுவீங்க? இந்தச் சுவர் மேலதான விடணும். இங்கேருந்து உங்க பம்ப் அங்க தள்ளும். அங்கேருந்து உங்க பம்பே இங்க தள்ளும். ரெண்டுக்கும் வாடகை உங்களுக்கே!"

அக்காவுக்காகத் துடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், இந்த யோசனை தனக்கு முன்பே தோன்றாமல் போயிற்றே என்று அஞ்சுகுதிரை ஒரு கணம் வருந்தினார். பிறகு மிச்ச நாட்களை இருபத்துநாலால் பெருக்கினார். பாதியாக்கினார். நான்கு மெஷினையும் முன்னூற்றிருபது சீருடையையும் எதிர்ப்பக்கம் வைத்துப் பார்த்தார். தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை, நின்ற இடத்திலேயே அவர் நின்றதிலிருந்து அறியலாம்.

அடுத்த போன். "பதினெட்டு. மெஷினுக்கெல்லாம் மோட்டார் கீழதான தொங்குது? மூணு முழுகிடுச்சு. நாங்க மூணு பேரும் துணிக்கட்டை மேஜை மேல ஏத்திட்டிருக்கோம், எடம் பத்தல. கன்ட்ரோல் ரூமுக்குப் போட்டேன். யாரோ எடுத்து 'ஐயா ஷாட்ல இருக்காரு'ங்கறான். ஷாட்னா என்னடா?"

அஞ்சுகுதிரை திரும்பிப் பார்த்தார். நகரத்தின் பேரிடர் அலுவலர் மொட்டைமாடி செட்டில் பேரிடர் அலுவலராகக் கௌரவ வேடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு ரப்பர் குழந்தையை வெள்ளத்திலிருந்து காப்பாற்றும் காட்சி. காலையிலிருந்து ஆறு தடவை காப்பாற்றிவிட்டார், டைரக்டருக்குத் திருப்தியில்லை. "இன்னும் பதட்டம் வேணும் சார்! நிஜமாவே ஊர் முழுகற மாதிரி நெனச்சுக்கங்க!" அலுவலர் கண்ணை மூடி, கற்பனை செய்ய முயன்றார். வரவில்லை.

மதியத்துக்குள் செட் காய்ந்தது. லாரிகள் வந்தன. இளநீல வெள்ளம், வெதுவெதுப்பாக, முழங்கால் அளவுக்கு ஏறியது. அம்மணி கோப்பைப் பார்த்துத் தலையசைத்தார். ஒட்டிவிட்டது.

சாயங்காலம் அஞ்சுகுதிரை வேட்டியை மடித்துக்கொண்டு முட்டுச்சந்துக்குள் இறங்கினார். அக்கா வெட்டும் மேஜை மேல் காலைத் தூக்கி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நனையாத சீருடை நாற்பது. மற்றவை அறைக்குள் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தன. ஒரு சட்டை கையை விரித்து அஞ்சுகுதிரையின் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"ஷூட்டிங் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றார் அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்துப் படம் வெளிவந்தது. படக் கம்பெனி பாதிக்கப்பட்ட மக்களை மறக்கவில்லை. முட்டுச்சந்தில் வீட்டுக்கு இரண்டு இலவச டிக்கெட் விநியோகித்தது. பேரிடர் அலுவலரே நேரில் வந்து வழங்கினார். அதற்கு அவர் உடனே கிடைத்தார். அஞ்சுகுதிரை அக்காவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

படம் தொடங்கியது. கடல் பத்து மாடி உயரம் எழுந்து நின்று, அண்ணன் வசனம் பேசி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்து, பிறகு நகரத்தின் மீது விழுந்தது. தியேட்டரில் ஒருவரும் பதறவில்லை.

"இப்படியா வரும்?" என்றது பின்வரிசை. "நம்ம வீட்ல கக்கூஸ் வழியால்ல வந்துச்சு."

"சத்தமே இல்லாம வந்துது. இங்க பாரு, மேளம் அடிச்சுக்கிட்டு வருது."

"கழுத்தளவுங்கறான், ஆளு முட்டி கூட நனையல."

"அந்தப் பொண்ணு தல முடியைப் பாரு, இப்பத்தான் சீவினமாதிரி. என் தலையில மூணு நாள் சேறு இருந்துது."

படகில் பாட்டு வந்தபோது பாதிப் பேர் காப்பி குடிக்கப் போனார்கள். பேரிடர் அலுவலர் ரப்பர் குழந்தையைக் காப்பாற்றியபோது தியேட்டரே எழுந்து நின்று சிரித்தது. கடைசியில் அண்ணன் மேஜை மேல் நின்று விரலை நீட்ட, வெள்ளம் வெட்கப்பட்டுக் கடலுக்குத் திரும்பியது. முட்டுச்சந்துக்காரர்களிடமிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. இப்படி ஒரு விரல் அன்றைக்கு அவர்களிடம் இல்லை.

வாசலில் டைரக்டர் கைகூப்பி நின்றார். வெளியே வந்தவர்களின் மனசாட்சி எந்த நிலையில் இருக்கிறது என்று முகம் முகமாகத் தேடினார். அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா இருந்துது படம்?"

"தண்ணி ரொம்ப சுத்தமா இருந்துது தம்பி. எங்க வீட்டுக்கும் அதையே விட்டிருக்கலாம்."

டைரக்டர் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, உதவியாளரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

படிக்கட்டில் அக்கா கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நகர அலுவலகத்தின் சேத விவரப் படிவம். மெஷின்கள் திரும்பிப் போன பிறகு, அறையையும் காலி செய்த பிறகு, நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். கண்ணால் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீதான பாத்தே. போடு" என்று பேனாவை நீட்டினார்.

அஞ்சுகுதிரை படித்தார். பொருள்கள், எண்ணிக்கை, எல்லாம் சரியாக இருந்தன. 'சேதத்தின் காரணம்' என்ற கட்டத்தில் அவர் கண் நின்றது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா... இதுல தண்ணி மொத்தம் முப்பத்தொரு அங்குலம்னு போட்டிருக்கே. ரெண்டா வகுத்துக்கலாமே. மழைக்கு பதினஞ்சரை, எனக்கு பதினஞ்சரை. நியாயமா இருக்கும்."

"மழை என்கிட்ட பேரம் பேசலடா. பெய்ய வேண்டியதைப் பெஞ்சுது, வாசப்படிக்கு ஒரு அங்குலம் கீழ மரியாதையா நின்னுடுச்சு. அது பேர்ல நான் எதுக்குக் கூட ஏத்தணும்?"

"எனக்கு பதினெட்டா வெச்சுக்கலாம்."

அக்கா பேனாவை மூடவும் இல்லை, கையை இறக்கவும் இல்லை. படிவத்தில் தையற்காரியின் குண்டு குண்டான எழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது:

'நின்ற தண்ணீர், அங்குலம் முப்பத்தொன்று. அதில் மழை வகையில் ஒன்பது. தம்பி வகையில் இருபத்திரண்டு.'